பெட்டிக்குள் இல்லாத சுரம்



பொங்கலுக்கு வந்த பேத்தி நான் மவுத் ஆர்கன் வாசிப்பதைப் படம் பிடித்துப் போட்டாலும் போட்டாள், ஒரு வாரமாக போன் ஓயவில்லை. "டீச்சர், எங்களுக்கு ஏன் இதெல்லாம் அப்பவே வாசிச்சுக் காட்டல?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். "அண்ணி, அது ஏதோ அழற மாதிரி கேக்குதே, ரிப்பேரா?" என்று திருவள்ளூரிலிருந்து என் நாத்தனார் கேட்கிறாள். இரண்டு கேள்விக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். ஷிஃப்டு முடிந்து வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள்.

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. அப்போது எனக்குக் குரல் இருந்தது. அதனால் இது தேவைப்படவில்லை.

என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்தை எடுத்துக் கொடுப்பது என் வேலை. கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தில் மூன்று பள்ளிக்கூடம் மாறினேன். மூன்றிலும் அந்த வேலை என்னிடமே வந்து சேர்ந்தது. ஒரு பள்ளியில் மைக் இருந்தது. மற்ற இரண்டிலும் மைக்கும் நான்தான். சிப்காட்டுக்குப் போகிற லாரிச் சத்தத்துக்கு மேலே நாற்பது பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்த தொண்டை இது. ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் கரகரப்பு வந்தது. போகவில்லை. காது மூக்கு தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல்நாண்களில் காய்ப்புக் காய்த்த மாதிரி முடிச்சு இருக்கிறது என்றார். ஆசிரியர்களுக்கும் மேடையில் பாடுகிறவர்களுக்கும் வருகிறதுதான், பயப்பட வேண்டாம் என்றார். உரக்கப் பேசாதீர்கள், பாடாதீர்கள், கிசுகிசுவென்றும் பேசாதீர்கள், அதிலும் நாண்களுக்குச் சிரமம் உண்டு என்றார்.

பயிற்சியில் பேச்சு ஓரளவு திரும்பியது. பாட்டு திரும்பவில்லை. தட்டையாக ஒரு வரி பாடிவிடலாம். ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகிற இடம் வந்தால் அங்கே வெறும் காற்றுதான் வரும். நான் பாடகி ஒன்றும் இல்லை. ஆனாலும் கீரை ஆயும்போது வாயில் ஒரு ராகம் ஓடாமல் இருந்த அந்த வருஷத்தில், வீட்டில் யாரோ ஒருவர் குறைந்த மாதிரி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பழைய மாணவன் தன் மகளின் காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தான். சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் ஷிஃப்டு வேலை. (பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். என் வகுப்பில் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் ஊகித்துக்கொள்ளுங்கள்.) என் குரலைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தான். சட்டைப்பையிலிருந்து நான்கு விரல் அகலத்துக்கு ஒரு சின்னப் பெட்டியை எடுத்து, பைப்பில் கழுவி, உதறித் துடைத்து என் கையில் வைத்தான். "இதுக்குத் தொண்ட வேணாம் டீச்சர். காத்து மட்டும் போதும்" என்றான்.

அவனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது ஷில்லாங்கிலிருந்து வந்து அவனோடு வேலை பார்த்த ஒரு பையன். மேகாலயாவின் அந்த ஊரில் ப்ளூஸ் இசைக்கு ஒரு தனி மரியாதை உண்டு. 2003இல் அங்கே தொடங்கிய சோல்மேட் குழு நாடு முழுவதும் ப்ளூஸ் பாடிப் பெயர் வாங்கியது. அப்படி மலையிலிருந்து இறங்கி நம் தொழிற்பேட்டைக்கு வந்த இசை, டீ இடைவேளைகளில் நம் பையன் கைக்கு வந்து, அங்கிருந்து என் வீட்டுத் திண்ணைக்கு வந்தது.

இனி வாத்தியத்தைப் பற்றிச் சொல்கிறேன். வாங்க நினைப்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

நம் ஊர்க் கடைகளிலும் திருவிழாவிலும் கிடைக்கிற மவுத் ஆர்கன் நீளமாக, இரண்டு வரிசைத் துளையோடு இருக்கும். அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு ரீடு. இரண்டையும் துளி வித்தியாசத்தில் சுருதி சேர்த்திருப்பார்கள். அதனால்தான் சத்தம் நடுங்கினாற்போல இனிமையாக வருகிறது. 'ஷோலே' (1975) படத்தில் அமிதாப் பச்சன் ராத்திரியில் உட்கார்ந்து வாசிப்பாரே, அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு மவுத் ஆர்கன் வாங்கிய அண்ணன்மார்கள் நம் குடும்பத்திலேயே உண்டு. உண்மையில் அதை வாசித்தவர் ஆர்.டி. பர்மனின் குழுவில் கிதார் வாசித்த பானு குப்தா. பர்மனே நல்ல மவுத் ஆர்கன்காரர். அப்பா எஸ்.டி. பர்மன் இசையமைத்த 'சோல்வா சால்' (1958) படத்தில் வருகிற புகழ்பெற்ற மவுத் ஆர்கன் அவர் வாசித்தது.

மாணவன் கொண்டுவந்தது வேறு சாதி. ஒரே வரிசை, பத்தே துளை, உள்ளே இருபது ரீடு. ரீடு என்றால் ஒரு முனை மட்டும் பதித்த மெல்லிய பித்தளை நாக்கு, அவ்வளவுதான். ஒவ்வொரு துளையிலும் இரண்டு. ஒன்று ஊதினால் பேசும், மற்றது இழுத்தால் பேசும். ஜெர்மனியில் ட்ராசிங்கன் என்ற ஊரில் மத்தியாஸ் ஹோனர் 1857இல் தொடங்கிய தொழிற்சாலை இந்த வகையை உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்தது. அவர்களுடைய 'மரைன் பேண்ட்' 1896 முதல் இன்றுவரை விற்கிறது.

பாட்டுத் தெரிந்தவர்களுக்கு ஒரு விஷயம். 'சி' என்று பொறித்த ஹார்மோனிகா நம் ஒரு கட்டை. நடுவில் 4ஆம் துளையிலிருந்து 7ஆம் துளை வரை சங்கராபரணம் முழுசாக இருக்கிறது. அதற்குக் கீழே 1, 2, 3 துளைகளில் தேடினால் ச, ரி, க, ப, நி கிடைக்கும். ம கிடையாது. த கிடையாது.

"கம்பெனிக்காரன் மறந்துட்டானாடா?" என்று கேட்டேன். மறக்கவில்லை. ஜெர்மானிய நாட்டுப்பாடல்களுக்கு ஒரு கூட்டுச் சுரப் பின்னணி வேண்டும். மூன்று துளைகளைச் சேர்த்து ஊதினால் ஒரு கூட்டுச் சுரமும், சேர்த்து இழுத்தால் இன்னொன்றும் வர வேண்டும். அதற்கு இடம் கொடுக்க இந்த இரண்டு சுரங்களையும் வெளியே நிறுத்திவிட்டார்கள்.

மோகனத்துக்கு வேண்டியது ஐந்தே சுரம்: ச ரி க ப த. தமிழ்த்தாய் வாழ்த்தின் ராகம் அதுதான். மோகனத்தில் ஆதார ஷட்ஜத்துக்குக் கீழே இறங்கி ஒரு த-வைத் தொட்டுவிட்டு வருவது மிகச் சாதாரணமான பிடி. என் கையில் இருக்கிற பெட்டியில் அந்த த கிடையாது. இதைக் கண்டுபிடித்த அன்று கொஞ்சம் சலிப்பாகத்தான் இருந்தது. தொண்டையில் போனது இதிலும் இல்லையா என்று.

அப்போது அவன் பெட்டியை வாங்கி 3ஆம் துளையில் வாய் வைத்து மெல்ல இழுத்தான். முதலில் நி வந்தது. விரல் அசையவில்லை, உதடு நகரவில்லை. அந்த நி அப்படியே வழுக்கிக்கொண்டு கீழே இறங்கி த-வில் போய் நின்றது. கொஞ்சம் நின்றுவிட்டு மறுபடி ஏறி நி-க்கு வந்தது. என் குரலில் எந்த இடம் காற்றாகப் போயிற்றோ, சரியாக அந்த வேலையை அந்தத் துண்டுப் பித்தளை செய்தது.

இதற்கு 'பெண்டிங்' என்று பெயர். சுரத்தை வளைப்பது.

சுரத்தை வளைப்பதற்கு விரலே வேண்டாமா என்று நான் வியந்தேன். பிறகு யோசித்தால் நாம் பார்க்காததா? திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலில் அமாவாசைக் கூட்டத்துக்கு நடுவே நாகஸ்வரம் கேட்டு வளர்ந்தவள் நான். நாகஸ்வரத்திலும் ஏழு விரல் துளைதான். அந்தத் துளைகளுக்கு நடுவில் இருக்கிற நுணுக்கமெல்லாம் விரலை அரைகுறையாகத் தூக்குவதிலும், சீவாளியைப் பற்றுகிற உதட்டிலும், காற்றை விடுகிற அளவிலும்தான் வருகிறது.

ஹார்மோனியம் என்ன பாவம் செய்தது தெரியுமா? அதுவும் பித்தளை ரீடுதான், நம் மவுத் ஆர்கனுக்கு உறவு. அதில் கமகம் வராது, கட்டைக்குக் கட்டை தாவத்தான் முடியும் என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940இல் அதை நிலையத்துக்குள்ளேயே விடாமல் தடை போட்டது. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. ஹார்மோனியத்தின் ரீடு பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. அதற்குக் காற்று துருத்தியிலிருந்து வருகிறது. மவுத் ஆர்கனின் ரீடு வாசலிலேயே நிற்கிறது. அதற்குக் காற்று வாயிலிருந்து வருகிறது, வாய்க்குள் நாக்கு இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

எப்படி இறங்குகிறது என்று கரும்பலகையில் எழுதுகிற மாதிரி சொல்கிறேன்.

ஒரு துளைக்குள் இரண்டு ரீடு இருக்கிறது என்றேன். ஒன்று உயர்ந்த சுரம், மற்றது தாழ்ந்த சுரம். 3ஆம் துளையில் இழுக்கிற ரீடு நி, ஊதுகிற ரீடு ப. சாதாரணமாக இழுத்தால் நி மட்டும் பேசும். வாய்க்குள் இருக்கிற வெற்றிடத்தை நாம் பெரிதாக்கினால், பெரிய குடத்தில் தட்டினால் சத்தம் தாழ்கிற மாதிரி, வாயின் சுருதி தாழ்கிறது. உயர்ந்த ரீடு அதோடு சேர்ந்து இறங்கப் பார்க்கும். ஓர் எல்லைக்கு மேல் அதனால் முடியாதபோது, சும்மா இருந்த தாழ்ந்த ரீடு அதிரத் தொடங்கிக் கைகொடுக்கும். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் இதய அறுவைச் சிகிச்சை நிபுணர் ஹென்றி பான்சன், தானும் ஹார்மோனிகா பைத்தியம், இரண்டு நண்பர்களோடு சேர்ந்து இந்த இரண்டு ரீடுகளும் எப்படிக் கூட்டு வேலை செய்கின்றன என்று ஆராய்ந்து 1998இல் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் இதழில் கட்டுரை எழுதினார்.

ஆகவே விதி ஒன்றுதான்: உயர்ந்த ரீடு தாழ்ந்த ரீடை நோக்கி இறங்கும், அதற்குச் சற்று மேலே நின்றுவிடும். 1 முதல் 6 வரை இழுக்கிற ரீடு உயர்ந்தது. அதனால் அங்கே இழுத்து வளைக்க வேண்டும். 7 முதல் 10 வரை ஊதுகிற ரீடு உயர்ந்தது. அங்கே, குறிப்பாக 8, 9, 10 துளைகளில், ஊதி வளைக்க வேண்டும். 5இலும் 7இலும் இரண்டு ரீடுக்கும் இடைவெளி அரைச் சுரம்தான், நகர இடமில்லை. 3இல் இடைவெளி அதிகம். அதனால் அந்த ஒரே துளையில் காகலி நிஷாதம், கைசிகி நிஷாதம், சதுச்ருதி தைவதம், சுத்த தைவதம் நான்கும் இருக்கின்றன. தொலைந்துபோன ம எங்கே என்று கேட்பீர்கள். 2ஆம் துளையில் ப-வை இழுத்து ஒரு முழுச் சுரம் இறக்கினால் அங்கே இருக்கிறது.

கடை மவுத் ஆர்கனில் இது நடக்காததற்கும் இதுவே காரணம். அதில் ஊதுகிற ரீடும் இழுக்கிற ரீடும் ஒரே அறையில் குடியிருப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் இல்லாமல் யார் கைகொடுப்பது? ஆகவே பிள்ளைகளே, வளைத்து வாசிக்க ஆசை என்றால் பத்துத் துளை வாத்தியத்தையே கேட்டு வாங்குங்கள். சில ஆயிரம் ரூபாய் ஆகும். அதில்லாமல் என்ன முயன்றாலும் வராது, பிறகு "எனக்கு வராது" என்று உங்களையே குறை சொல்லிக்கொள்வீர்கள்.

சரி, வாத்தியம் கிடைத்துவிட்டது. எனக்கு வந்ததா என்றால், இரண்டு மாதம் ஒன்றும் வரவில்லை. அவன் செய்து காட்டுவான். நான் பார்ப்பேன். பார்ப்பதற்கு அங்கே எதுவுமே இல்லை! முப்பது வருஷத்துக்கு மேல் "என்னைப் பார்த்துச் செய்" என்று சொல்லிக் கொடுத்தவளுக்கு, வாயை மூடிக்கொண்டு நடத்துகிற பாடம் புதிது.

"இன்னும் பலமா இழுக்கட்டுமாடா?"

"ஐயோ வேணாம் டீச்சர். ரீடு போயிடும்."

"பின்ன உள்ள என்னதான் செய்யற?"

"அத்த சொல்லத் தெரியல டீச்சர். வாய்க்குள்ள ஏதோ பண்றேன், அது எறங்குது."

அவனுக்குச் செய்யத் தெரியும், சொல்லத் தெரியாது. எனக்குச் செய்யத் தெரியாது, ஆனால் சொல்லிக் கொடுப்பது என் தொழில். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு எழுத்துகளின் பிறப்பை உருப்போட வைத்தார்கள். எந்த எழுத்துக்கு நாக்கு எங்கே போகிறது, உதடு எப்படிக் குவிகிறது, காற்று மூக்கு வழியா வாய் வழியா என்று. தொல்காப்பியர் இதற்கென்றே பிறப்பியல் என்று ஓர் இயல் வைத்திருக்கிறார். ல, ள, ழ மூன்றையும் பிரித்துச் சொல்ல உங்களில் எத்தனை பேருக்குச் சாக்பீஸால் வாய்ப் படம் போட்டுக் காட்டியிருப்பேன்! அவனும் அந்தப் படத்தைப் பார்த்தவன்தான். "டேய், இழுத்து வாசிச்சிக்கிட்டே இரு. உன் நாக்கு இப்ப எந்த எழுத்துல இருக்குன்னு மட்டும் சொல்லு" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். "மொதல்ல ஈ டீச்சர். எறங்கறப்ப ஊ பக்கம் போவுது."

அன்றைக்குத்தான் பாடம் தொடங்கியது. நாங்கள் இருவருமாகச் சேர்த்த குறிப்புகளை இங்கே தருகிறேன்.

உதடு: ஊ சொல்வதுபோலக் குவித்து, ஆனால் தளர்வாக. வாத்தியத்தை உதட்டின் ஓரத்தில் ஒட்டாமல் உள்பக்க ஈரம் படுகிற அளவுக்கு உள்ளே தள்ளிப் பிடிக்க வேண்டும். ஒரே துளை சுத்தமாகப் பேசும்வரை வளைப்பதைப் பற்றி நினைக்கவே கூடாது. இன்னொரு முறையும் உண்டு. நான்கு துளையை வாயால் மூடி, இடப்பக்கம் மூன்றை நாக்கால் அடைத்து, வலது ஓரத்தில் ஒன்றை மட்டும் பேச விடுவது. பெரிய ஆட்கள் பலர் அப்படித்தான் வாசித்தார்கள். நான் இன்னும் அந்த வகுப்புக்குப் போகவில்லை.

மூக்கு: ம சொல்லும்போது காற்று மூக்கு வழியே போகும், ப சொல்லும்போது மூக்கு அடைபடும். வளைக்கும்போது மூக்கு வல்லினத்தில் இருக்க வேண்டும், மெல்லினத்தில் இருந்தால் சுரம் இறங்காது. சோதிக்க எளிய வழி, வாசித்துக்கொண்டே மூக்கைப் பிடியுங்கள். சத்தம் மாறினால் மூக்கில் காற்று ஒழுகுகிறது என்று அர்த்தம்.

நாக்கு: 4ஆம் துளையில் தொடங்குங்கள், அதுதான் இரக்கமுள்ள துளை. மூச்சை உள்ளே இழுத்தபடியே, குரல் இல்லாமல், ஈ-யிலிருந்து ஊ-வுக்குப் போக வேண்டும். ஈ-யில் நாக்கு முன்பக்கம் மேலே நிற்கும், ஊ-வில் பின்னால் போய் முன்பக்கத்தில் இடம் விடும். அந்த இடம்தான் சுரத்தை இறக்குகிறது. எனக்கு 4ஆம் துளை முதன்முதலில் இறங்கியது ழகரத்தில். நுனியை ழ-வுக்கு மடக்கினாற்போல மெல்லப் பின்னால் கொண்டுபோனேன், பிடி கிடைத்தது. கீழ்த் துளைகளுக்கு இது போதாது. 2க்கும் 3க்கும் நாக்கின் அடிப்பகுதி க சொல்கிற இடத்துக்குப் போய், அண்ணத்தைத் தொடாமல் நிற்க வேண்டும். தாடை ஒரு விரல்கடை இறங்க வேண்டும்.

காற்று: மெல்ல. இது மிகவும் முக்கியம். சுரம் இறங்கவில்லை என்றால் கை தானாகப் பலத்தைத் தேடும். பலம் போட்டால் பித்தளை களைத்து, சுருதி தாழ்ந்து, ஒருநாள் உடையும். அடிவயிற்றிலிருந்து சீராக இழுக்க வேண்டும்.

காது: போனில் தம்புரா செயலியை ஒரு கட்டையில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். வளைந்த சுரத்துக்குத் துளையும் கிடையாது, கோடும் கிடையாது. நின்ற இடம் சரியா என்று சொல்ல உங்கள் காதைத் தவிர யாருமில்லை.

டாக்டரிடமும் கேட்டுக்கொண்டேன். குரல்நாண் அதிராமல், தொண்டையை இறுக்காமல் வாசித்தால் எனக்குச் சரி என்றார். அது எனக்குச் சொன்னது. உங்களுக்குத் தொண்டையில் தொந்தரவு இருந்தால் உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

இப்போது என் நாத்தனாரின் கேள்வி. அது ஏன் அழுகிறது?

ப்ளூஸ் அமெரிக்காவின் தென்பகுதியில், அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் பருத்திக் காட்டிலும் ரயில்பாதையிலும் வேலை செய்த ஊர்களில் பிறந்த இசை. அவர்கள் வாங்க முடிந்த மலிவான வாத்தியங்களில் ஒன்று இந்த ஜெர்மன் பெட்டி. அவர்களுடைய பாட்டின் காந்தாரம் சாதாரணத்திலும் இல்லாமல் அந்தரத்திலும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவே இழுபடும். பெட்டியில் அது கிடையாது. ஆகவே அவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஒரு கட்டைப் பெட்டியை எடுத்து ஐந்து கட்டைச் சுருதியில் வாசித்தார்கள். அப்போது 2ஆம் துளையை இழுத்தால் அது ச ஆகிவிடும், 3ஆம் துளை இழுப்பு அந்தர காந்தாரம் ஆகிவிடும். அதைக் கொஞ்சம் வளைத்தால் அவர்களுக்கு வேண்டிய அந்தக் காந்தாரம், அழுகிற காந்தாரம். முக்கியமான சுரமெல்லாம் மூச்சை உள்ளே இழுக்கிற பக்கம் வந்து விழுகிறது, வளைக்க வசதியாக.

நாட்டுப்பாட்டுக்குப் பின்னணி வாசிக்கச் செய்த பெட்டியில், செய்தவர் வைக்காத சுரத்தை இவர்கள் வாயால் வாங்கினார்கள். நாஷ்வில் வானொலியில் புகழ்பெற்ற டிஃபோர்ட் பெய்லி சின்ன வயதில் போலியோ வந்தவர். இந்தப் பெட்டியில் ஓடுகிற ரயிலையே வாசித்துக் காட்டினார். சன்னி டெர்ரி இளம் வயதிலேயே கண்பார்வையை இழந்தவர். லூயிசியானாவில் பிறந்த லிட்டில் வால்டர் சின்ன மைக்கைப் பெட்டியோடு சேர்த்துக் கைக்குள் மூடிப் பிடித்து 1952இல் வாசித்த 'ஜூக்', பாட்டே இல்லாமல், வெறும் வாத்தியமாக, அமெரிக்க ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. பார்வை இல்லாதவருக்கும் இந்தப் பாடத்தில் ஒரு நஷ்டமும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இதில் பார்க்க ஒன்றுமில்லை என்று முன்பே சொன்னேன்.

ஆகவே ரிப்பேர் இல்லை, அப்படித்தான் அழ வேண்டும் அது. ஆனால் வெறும் அழுகையும் இல்லை. முதல் மூன்று துளையையும் சேர்த்து ஊதி இழுத்து, ஊதி இழுத்து, வேகம் கூட்டினால் ரயில் கிளம்பும். பெய்லி வாசித்த அதே வித்தையின் அரிச்சுவடி. பேத்தி கேட்டாள் என்று கும்மிடிப்பூண்டியில் கிளம்பி கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் வரை ஓட்டிக் காட்டினேன். எண்ணூருக்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

இப்போது என் நிலவரம். 4ஆம் துளையும் 6ஆம் துளையும் சொன்னபடி கேட்கின்றன. 2இல் ம கிடைக்கிறது. 3ஆம் துளையின் த இருக்கிறதே, அதில் போய் நிற்கப் பத்து மாதம் ஆயிற்று. அது நான்கு வீடுள்ள ஒரு தெரு, நடுவீட்டில் சரியாக நிற்க வேண்டும். அவசரப்பட்டால் சுத்த தைவதத்துக்குச் சறுக்கிவிடும், பயந்தால் நிஷாதத்திலேயே தொங்கும். இன்றைக்கும் குளிர்காலக் காலையில் துளி மேலேதான் நிற்கிறது.

ஆனால் ஒருநாள் அது நின்றது. தம்புரா ஓடிக்கொண்டிருந்தது. 4ஆம் துளையில் ச ஊதி, 3இல் இழுத்து த-வைத் தொட்டு, மறுபடி ச. மூன்றே சுரம். அதில் ஒன்று பெட்டியில் இல்லாதது. என் தொண்டையிலும் இல்லாமல் போனது. மறுபடியும் வாசித்தேன், மறுபடியும் வந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

பாடம் சொன்ன பையன் இப்போது ஆலையில் தன்னோடு இருக்கிற இரண்டு பேருக்குக் கற்றுத் தருகிறானாம். ஒருவர் ஒடிசா, ஒருவர் நம் ஊத்துக்கோட்டை. ஒடிசாக்காரருக்கு ழ வரவில்லை, என்ன செய்வது என்று போன் செய்து கேட்டான். "அவங்க ஒடியாவிலயும் நாக்கை மடக்கிச் சொல்ற ள உண்டுடா, அதுல ஆரம்பி" என்றேன்.

உங்களில் பலர் இப்போது நாற்பதைத் தாண்டியிருப்பீர்கள். பாட்டு, நீச்சல், இங்கிலீஷ் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி "அது எனக்கு வராது டீச்சர்" என்று என்னிடம் சொன்னவர்கள் இந்தப் பட்டியலில் நிறையப் பேர். செய்யத் தெரிந்தவரை விடாதீர்கள். அவருக்குச் சொல்லத் தெரியாவிட்டால், உங்களுக்குத் தெரிந்த மொழியில் கேள்வி கேட்டுச் சொல்ல வையுங்கள். நாங்கள் இருவரும் அப்படித்தான் அந்தத் த-வைக் கண்டுபிடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் வீட்டில்தான் இருப்பேன். வருகிறவர்களுக்குக் காபி உண்டு. வரும்போது கழுவிய வாயோடு வாருங்கள், மிட்டாய் தின்றுவிட்டு என் பெட்டியைத் தொடக் கூடாது. நான் அதிகம் பேச மாட்டேன், கோபம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கேட்டதற்கு வாசித்துப் பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்